அரசியலமைப்புத் திருத்தமும் உயர் நீதிமன்றத்தின் எல்லையும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். தோட்ட வாசிகசாலைகளில் நடக்கும் சட்ட விளக்கக் கூட்டங்களுக்கும் போவதுண்டு. புதிய அரசியலமைப்பு, புதிய திருத்தம் என்று கொழும்பில் பேச்சு எழும்போதெல்லாம் மாணவர்களும் பெற்றோரும் தொழிற்சங்க இளைஞர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதமாகவே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு சிறு விளக்கம். இந்தப் பக்கத்தில் உயர் நீதிமன்றம் என்று வருவதெல்லாம் கொழும்பு புதுக்கடையில் உள்ள, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம். கண்டியிலும் பதுளையிலும் இருப்பவை மேல் நீதிமன்றங்கள். அவற்றுக்கு இந்த விடயத்தில் எந்த அதிகாரமும் இல்லை.

டீச்சர், சாதாரணச் சட்டத்துக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் என்ன வேறுபாடு?

சாதாரணச் சட்டத்துக்கு அன்று சபையில் இருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வராதவர்களையும் சேர்த்தே கணக்கு. ஆகவே 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 150 வாக்குகள் தேவை. இது 82ஆம் உறுப்புரை.

சில திருத்தங்களுக்கு அதுவும் போதாது. 150 வாக்குகளோடு சர்வசன வாக்கெடுப்பில் மக்களின் ஒப்புதலும் வேண்டும். இது 83ஆம் உறுப்புரை. 82, 83 என்ற இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் இனி வருவதெல்லாம் எளிதாக விளங்கும்.

அரசாங்கம் ஒரு மோசமான திருத்தத்தைக் கொண்டுவந்தால் நீதிமன்றம் தடுத்துவிடும்தானே?

அப்படித்தான் பலர் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நம் அரசியலமைப்பில் இடம் மிகக் குறைவு. திருத்தச் சட்டமூலம் ஒன்று உயர் நீதிமன்றத்தின் முன் வந்தால், அது நல்லதா, நியாயமானதா, சிறுபான்மையினரைப் பாதிக்குமா என்று நீதியரசர்கள் தீர்ப்புச் சொல்ல இயலாது. 120ஆம் உறுப்புரை அவர்களுக்கு விட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி: இதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா, வேண்டாமா?

"வேண்டும்" என்று நீதிமன்றம் சொன்னாலும் சட்டமூலம் செத்துவிடுவதில்லை. அரசாங்கம் மக்களிடம் போகலாம். அல்லது சிக்கலான வாசகங்களை நீக்கிவிட்டு 150 வாக்குகளோடு நிறைவேற்றலாம். இதுவரை பெரும்பாலும் நடந்திருப்பது இரண்டாவதுதான். நாடு முழுவதற்குமான சர்வசன வாக்கெடுப்பு இலங்கையில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. 1982 டிசம்பர் 22இல், பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் நீட்டுவதற்காக நடத்தப்பட்டது அது.

எந்தெந்த உறுப்புரைகளை மாற்ற மக்கள் வாக்கு வேண்டும்?

83ஆம் உறுப்புரை பட்டியலிட்டுச் சொல்கிறது: 1 (அரசின் பெயர்), 2 (ஒற்றையாட்சி), 3 (மக்களின் இறைமை), 6 (கொடி), 7 (கீதம்), 8 (தேசிய தினம்), 9 (பௌத்தத்துக்கு முதன்மை இடம்), 10 (சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம்), 11 (சித்திரவதைக்கு உட்படாத உரிமை), இவற்றோடு 83ஆம் உறுப்புரையும். ஜனாதிபதியின் அல்லது பாராளுமன்றத்தின் பதவிக்காலத்தை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீட்டுவதும் இதில் அடங்கும்.

அப்படியானால் சமத்துவ உரிமை? தமிழ் மொழி? பிரஜாவுரிமை? அவை பட்டியலில் இல்லையே!

இல்லை. இனம், மதம், மொழி, சாதி, பிறப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 12ஆம் உறுப்புரை. தமிழும் அரச கரும மொழி என்பது 18ஆம் உறுப்புரை. பிரஜாவுரிமை 26ஆம் உறுப்புரை. தேசியக் கொடியின் வடிவத்தை மாற்ற நாடு முழுவதும் வாக்களிக்க வேண்டும் என்று எழுதியவர்கள், இந்த மூன்றையும் அந்தப் பட்டியலுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். இதை வகுப்பில் விளக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

முழுவதும் பாதுகாப்பற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. பட்டியலில் உள்ள 3ஆம் உறுப்புரை, இறைமை என்பது ஆட்சி அதிகாரங்களையும் அடிப்படை உரிமைகளையும் வாக்குரிமையையும் உள்ளடக்கும் என்கிறது. ஆகவே அடிப்படை உரிமையையோ வாக்குரிமையையோ ஒரு திருத்தம் தாக்கினால், 3ஆம் உறுப்புரை வழியாக நீதிமன்றத்தில் வாதிடலாம். பிரஜாவுரிமைக்கு அந்த வழி மிக ஒடுக்கமானது. 1948இல் நம்மவர்கள்மேல் விழுந்த அடி பிரஜாவுரிமை வழியாகத்தான் வந்தது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரே கேள்விதான் என்றால் நீதிமன்றம் வெறும் றப்பர் முத்திரைதானா?

கேள்வி ஒன்றுதான், ஆனால் அதை எவ்வளவு ஆழமாகக் கேட்பது என்பது நீதியரசர்களின் கையில் இருக்கிறது. 2002இல் பாராளுமன்றத்தைக் கலைக்கும் ஜனாதிபதியின் அதிகாரத்தை மட்டுப்படுத்த ஒரு திருத்தம் வந்தபோது, ஏழு நீதியரசர்கள் அமர்ந்து, அது மக்களின் இறைமையைத் தொடுகிறது, சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். திருத்தம் அத்தோடு நின்றது. 2015இல் 19ஆம் திருத்தத்தில் நிறைவேற்று அதிகாரத்தைப் பிரதமருக்கு மாற்றும் வாசகங்களுக்கும் அதே பதில் கிடைத்தது. அவை கைவிடப்பட்டு, எஞ்சிய திருத்தம் நிறைவேறியது. 2020இல் 20ஆம் திருத்தத்தின் நான்கு வாசகங்கள் அப்படியே நிறைவேறினால் சர்வசன வாக்கெடுப்புத் தேவை என்று பெரும்பான்மைத் தீர்மானம் சொன்னது. ஜனாதிபதியின் செயல்களுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுப் போடும் வழியை மூடும் வாசகம் அவற்றில் ஒன்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 2002லும் 2015லும் மக்கள் இறைமை என்ற வாதம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் காப்பாற்றியது. 2020இல் அதே வாதம் ஜனாதிபதிக்கு எதிராகக் குடிமகனைக் காப்பாற்றியது. ஆகவே இறைமை என்ற சொல்லைக் கேட்டதும் அது நம் பக்கம்தான் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சட்டமாகிவிட்ட பிறகு வழக்குப் போட முடியாதா?

முடியாது. 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி மிகக் கண்டிப்பானது. சபாநாயகரின் சான்றுரை (சர்வசன வாக்கெடுப்பு நடந்திருந்தால் ஜனாதிபதியின் சான்றுரை) எழுதப்பட்டதும், எந்த நீதிமன்றமும் எக்காரணம் கொண்டும் அந்தச் சட்டத்தின் செல்லுபடித் தன்மையை விசாரிக்க இயலாது. சாதாரணச் சட்டத்துக்கும் இதே விதிதான். கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கும்போதே நிறையைக் கேட்க வேண்டும், லொறி ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை என்று கூட்டங்களில் சொல்வேன். உடனே விளங்கிக்கொள்வார்கள்.

இந்தப் பூட்டு நீக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சட்டத்தின் கொடுமை பல வேளைகளில் அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் தெரியும். அது ஒரு கிராம சேவகரின் மேசையில், ஒரு பதிவாளரின் பேனாவில் தெரியும். அப்போது கதவு மூடியிருந்தால் யாரிடம் போவது?

எப்போதுமே இப்படித்தானா? முன்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்ததாகத் தாத்தா சொல்கிறாரே?

தாத்தா சொல்வது சரி. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் சட்டமான பின்னரும் நீதிமன்றம் விசாரிக்க முடிந்தது. அப்போது இறுதி மேன்முறையீடு லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும். 1962 சதிப்புரட்சி முயற்சியில் பிடிபட்டவர்களைத் தண்டிக்கவென்றே ஆக்கப்பட்ட விசேட சட்டத்தை, நீதித்துறையின் அதிகாரத்துக்குள் சட்டமன்றம் கைவைக்கிறது என்று சொல்லிப் பிரிவிக் கவுன்சில் 1965இல் செல்லாதாக்கியது. 1972 குடியரசு அரசியலமைப்புத்தான் முதலில் கதவை மூடியது. அது சட்டமூலத்தை மட்டும் பார்க்க ஓர் அரசியலமைப்பு நீதிமன்றத்தை ஏற்படுத்தி, சட்டமானதைத் தொட இயலாதவாறு செய்தது. 1978 அரசியலமைப்பு அதைத் தொடர்ந்தது.

அப்படி அதிகாரம் இருந்த காலத்தில்தானே எங்கள் பிரஜாவுரிமையும் வாக்கும் பறிபோயின? நீதிமன்றம் என்ன செய்தது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்றொரு பிரிவு இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் தடைகளை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்பது அதன் சாரம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் மலைநாட்டிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் சென்றிருந்தார்கள். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்ற தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தது. தோட்டத் தமிழர் என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாமலே வேலை முடிந்தது.

ருவன்வெல்லைத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டார். மறுக்கப்பட்டது. மீளாய்வு அலுவலர் அவர் பக்கம் தீர்த்து, அந்தச் சட்டங்கள் 29(2)க்கு முரணானவை என்றார். அரசாங்கத் தரப்பு உயர் நீதிமன்றம் சென்றது. 1951இல் அந்த முடிவு கவிழ்க்கப்பட்டது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் கைவிட்டது. தன் நாட்டவர் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை, தகுதி காட்டினால் பிரஜாவுரிமை பெற 1949 சட்டம் வழிவைத்திருக்கிறது, ஆகவே பாகுபாடு இல்லை என்பது அதன் நியாயம்.

சொற்களை மட்டும் பார்த்தார்கள். லயத்தில் பிறந்து, பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் வளர்ந்த ஒருவர் அந்தத் தகுதியை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பார் என்று பார்க்கவில்லை. மலையகத் தமிழர் ஒருவர் மறுபடியும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது 1977இல், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றபோதுதான். நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருப்பது அவசியம். அதைப் பயன்படுத்தும் நீதிபதியின் கண் தோட்டத்து வாழ்க்கையையும் காண வேண்டும்.

ஆனால் 29(2)ஐ மாற்றவே முடியாது என்று தீர்ப்பு இருப்பதாகப் புத்தகத்தில் படித்தேன். பிறகு அது எங்கே போனது?

1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்ற வழக்கு. இலஞ்ச நியாயசபை உறுப்பினர்களை நியமித்த முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது, அதற்கான மூன்றில் இரண்டு பெரும்பான்மைச் சான்றிதழும் இல்லை, ஆகவே செல்லாது என்பது தீர்ப்பு. போகிற போக்கில் பிரிவிக் கவுன்சில், 29(2) குடிமக்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட அடிப்படை நிபந்தனை, அதை மாற்ற இயலாது என்றும் சொன்னது. மேலே சொன்ன கோடகன் பிள்ளை வழக்கில் கைகொடுக்காத அதே பிரிவுக்கு, பதினொரு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பெருமை இது.

1970இல் வந்த அரசாங்கம் அதைத் திருத்தவில்லை, சுற்றிக்கொண்டு போனது. பாராளுமன்ற உறுப்பினர்களையே அரசியல் நிர்ணய சபையாக நவரங்கஹலவில் கூட்டி, பழைய அரசியலமைப்பின் விதிகளுக்கு வெளியே நின்று புதியதொன்றை ஆக்கியது. 1972 மே 22இல் அது நடைமுறைக்கு வந்தது. 29(2) அதில் இல்லை. மாற்ற முடியாதது என்று நீதிமன்றம் சொன்ன ஒன்று, நீதிமன்றத்தின் பக்கமே போகாமல் மறைந்தது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் திருத்தங்களையே ரத்துச் செய்கிறதே. இங்கே ஏன் முடியாது?

1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றம் சிதைக்க முடியாது என்று தீர்த்தார்கள். அந்த அடிப்படையில் 2015இல்கூட நீதிபதிகள் நியமனம் பற்றிய ஒரு திருத்தம் அங்கே தூக்கி எறியப்பட்டது.

இங்கே அந்த வாதம் 1987இல், மாகாண சபைகளை ஏற்படுத்திய 13ஆம் திருத்தச் சட்டமூலத்தின்போது வைக்கப்பட்டது. ஏற்கப்படவில்லை. எதை எப்படித் திருத்தலாம் என்று 82, 83ஆம் உறுப்புரைகள் தெளிவாகவே சொல்லும்போது, சொல்லப்படாத ஒரு கட்டமைப்பைத் தேட வேண்டியதில்லை என்பது அன்றைய போக்கு. அதற்கும் மேலாக, மேலே சொன்ன 80(3) இங்கே பூட்டி நிற்கிறது.

13ஆம் திருத்தம் ஒரு வாக்கில் தப்பியது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஒன்பது நீதியரசர்களில் பிரதம நீதியரசர் சர்வானந்தா உட்பட நால்வர் சர்வசன வாக்கெடுப்பு வேண்டாம் என்றார்கள். நால்வர் வேண்டும் என்றார்கள். நீதியரசர் ரணசிங்க, இரண்டு வாசகங்களுக்கு மட்டும் வேண்டும், அவற்றை மாற்றினால் தேவையில்லை என்றார். அவை மாற்றப்பட்டன, 1987 நவம்பரில் திருத்தம் நிறைவேறியது. மத்திய மாகாண சபையும் ஊவா மாகாண சபையும் பிறந்தது அந்த ஒருவரின் கருத்தில்தான்.

2018இல் பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதே. அப்படியானால் அதற்கு அதிகாரம் இருக்கிறதுதானே?

அது வேறு விடயம். 2018 டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகச் செல்லாது என்றது ஜனாதிபதியின் ஒரு செயலை. அந்தச் செயல் 19ஆம் திருத்தத்துக்கு முரணானது என்றார்கள். ஜனாதிபதி, அமைச்சர், அதிகாரி ஆகியோரின் செயல்களை நீதிமன்றம் விசாரிக்கலாம். பாராளுமன்றம் ஆக்கி முடித்த சட்டத்தைத்தான் விசாரிக்க முடியாது. பரீட்சையில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நீதிமன்றம் பார்த்த சட்டமூலத்தைப் பிறகு பாராளுமன்றத்துக்குள் மாற்றிவிட்டால்?

மிகப் பெரிய ஓட்டை இது. குழுநிலையில் (சட்டமூலத்தைச் சபை வாசகம் வாசகமாகப் பார்க்கும் கட்டத்தில்) செய்யப்படும் மாற்றங்களுக்கு மறுபடி மனுப் போட வழியில்லை. சட்டமா அதிபர் கவனிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தாலும், குடிமகனுக்கு அங்கே குரல் கிடையாது.

2017 செப்டெம்பர் 20ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாகாண சபை வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் சிறிய சட்டமூலம் ஒன்று குழுநிலைக்கு வந்தது. வெளியே வரும்போது தேர்தல் முறையையே மாற்றும் பெரிய சட்டமாகியிருந்தது. இது அரசியலமைப்புத் திருத்தமல்ல, சாதாரணச் சட்டம். ஆனாலும் அதன் விளைவைப் பாருங்கள். புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தார்கள், ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. பழைய முறை நீங்கிவிட்டது, புதியது அமையவில்லை. மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவின் காலம் 2019இலும் முடிந்தன. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் இல்லாமலே ஆளுநர்களின் கீழ் அவை இயங்கின. யாராவது அந்தக் குழுநிலை மாற்றங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்டால், மேலே சொன்ன 80(3)தான் பதில்.

அரசாங்கம் நீதிமன்றத்தைத் தாண்டிப் போக வேறு வழிகளும் உண்டா?

உண்டு. இந்தத் திருத்தத்தை மூன்றில் இரண்டோடும் சர்வசன வாக்கெடுப்போடும் நிறைவேற்றப் போகிறோம் என்று அமைச்சரவை சான்றுப்படுத்தினால், உயர் நீதிமன்றத்துக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. இன்னொன்று 84ஆம் உறுப்புரை: அரசியலமைப்புக்கு முரணான ஒரு சட்டத்தை, அரசியலமைப்பில் ஒரு வரியும் மாற்றாமல், மூன்றில் இரண்டோடு நிறைவேற்றிவிடலாம்.

அவசர சட்டமூலம் என்றொரு குறுக்குவழியும் இருந்தது. ஜனாதிபதி எத்தனை முறையும் போட்டியிடலாம் என்று மாற்றிய 18ஆம் திருத்தம் 2010இல் அப்படித்தான் வந்தது. நீதிமன்றம் சில நாட்களில் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. சர்வசன வாக்கெடுப்புத் தேவையில்லை என்றது. செப்டெம்பர் 8இல் 161 வாக்குகளோடு நிறைவேறியது. 2015இல் 19ஆம் திருத்தம் அந்த வழியை அடைத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் தேசிய பாதுகாப்பு, அனர்த்த முகாமைத்துவம் ஆகியவற்றுக்கென்று அதை மீண்டும் கொண்டுவந்தது.

தோட்டத்தில் இருக்கும் நாங்கள் மனுப் போட முடியுமா? எப்போது, எப்படி?

எந்தப் பிரஜையும் போடலாம். சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாகும், பின்னர் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். அந்த நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கும். அது மிகக் குறுகியது. மனுவின் பிரதியை அதே வேளையில் சபாநாயகரிடமும் ஒப்படைக்க வேண்டும். மனுப் போட்டதும் அந்தச் சட்டமூலம் மீதான பாராளுமன்ற நடவடிக்கை நிற்கும். மூன்று வாரங்களுக்குள் நீதிமன்றம் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.

சட்டமூலத்தை வாசிக்கும்போது முதலில் நீட்டுத் தலைப்பைப் பாருங்கள். "அரசியலமைப்பைத் திருத்துவதற்கானதொரு சட்டம்" என்று இருந்தால் அது 82இன் கீழ் வருவது. அதன் அருகில் சட்ட விளைவு பற்றிய கூற்று இருக்கும். எந்த வாசகம் எந்த உறுப்புரையைத் தொடுகிறது என்று அங்கே ஒவ்வொன்றாகத் தெரியும். அந்த எண்களை 83இன் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கடைசி வாசகத்தையும் தவறவிடாதீர்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே இருக்கும். ஆகவே சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

பதவிக்காலம் இப்போது ஐந்து ஆண்டுகள். அதை ஆறாக்க மக்கள் வாக்கு வேண்டுமா?

கூர்மையான கேள்வி. 2015இல் காலம் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டபோது 83ஆம் உறுப்புரையில் உள்ள "ஆறு ஆண்டுகள்" மாற்றப்படவில்லை. எழுத்தின்படி ஆறுக்கு மேல் போனால்தான் சர்வசன வாக்கெடுப்பு. அதைச் சரிசெய்ய 2024 ஜூலையில் ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது, நிறைவேறவில்லை. ஆறாக்க முயன்றால் 3ஆம் உறுப்புரை வழியாக, வாக்குரிமை பாதிக்கப்படுகிறது என்று வாதிடுவது ஒன்றுதான் வழி.

13ஆம் திருத்தத்தை நீக்க வந்தால் நீதிமன்றம் காப்பாற்றுமா?

மாகாண சபை அத்தியாயம் 83இன் பட்டியலில் இல்லை. ஆனால் 154எ(2) வேறொரு தடையை வைத்திருக்கிறது. அந்த அத்தியாயத்தை மாற்றவோ நீக்கவோ வரும் சட்டமூலத்தை ஜனாதிபதி ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாச் சபைகளும் உடன்பட்டால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒன்று மறுத்தாலும் மூன்றில் இரண்டு வேண்டும்.

சபையே இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது? 2012இல் திவிநெகும (வாழ்வாதார அபிவிருத்தி) சட்டமூலத்தின்போது இதற்கு நெருக்கமான கேள்வி எழுந்தது. அப்போது வட மாகாணத்தில் தெரிவான சபை இருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் கருத்துச் சொல்ல இயலாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2013 ஜனவரியில், அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார். ஆளுநர் பற்றிய அந்தத் தீர்மானத்தை வைத்துப் பார்த்தால், சபைகள் இல்லாத நிலையில் மூன்றில் இரண்டு இல்லாமல் அத்தியாயத்தைத் தொட முடியாது என்று வாதிடலாம். 150 கைகள் உயர்ந்துவிட்டால் அந்த வாதத்துக்கும் வேலை இல்லை.